ராஸ்பெரி பை 3 பி பிளஸ்ங்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டுல கிகாபிட் ஈதர்நெட்னு, அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் (எம்பிபிஎஸ்)னு போட்டிருக்கே, ஏன் 300 எம்பிபிஎஸ் தாண்ட மாட்டேங்குது?

ஈதர்நெட்னா ஒயர் வழியா நெட், வைஃபைனா காத்து வழியா, இந்த போர்டுல ரெண்டுமே உண்டு. 2018ல வந்த இந்த மாடல்ல ஈதர்நெட் சிப் நேரா பிராசசரோட பேசாது, நாலு யுஎஸ்பி போர்ட்டும் பங்கு போடுற அதே ஒத்தை யுஎஸ்பி 2.0 லைன்லதான் போகுது, அதோட உச்சமே 480 எம்பிபிஎஸ், அதுலயும் பாதை பராமரிப்புக்கே கொஞ்சம் போயிடும். மெயின் ரோடு எவ்ளோ அகலமா இருந்தாலும் நம்ம சந்துக்குள்ள லாரி நெளிஞ்சுதானே வரணும், அதே கதைதான். நெட்ல இருந்து யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி போட்டுப் பாருங்க, ஒரே டேட்டா அந்த சந்துல ரெண்டு தடவை போகணும், இன்னும் படுத்துடும்.

வைஃபைக்கு வேற லைன், இந்த சந்துல சிக்காது, ஆனா பக்கத்து வீட்டு ரூட்டரோட காத்தைப் பங்கு போடணுமே, வேகம் ஏறி இறங்கும்.

நிறைய பேர் கேபிள்தான் கோளாறுன்னு கேட் 6ங்கிற உசந்த ரக கேபிள் வாங்கி மாட்டுறாங்க, மாட்டினாலும் அதே 300தான். 2019ல வந்த பை 4லதான் ஈதர்நெட் யுஎஸ்பியை விட்டு வெளிய வந்துச்சு.