டீசலில் தண்ணீர்: பழைய டிராக்டர் தாங்குமா?

கேள்வி: உழவுக்கென்று 200 லிட்டர் பேரலில் வாங்கி வைத்திருந்த டீசலில், மழைக்குப் பிறகு அடியில் தண்ணீர் நிற்கிறது. எங்களுடையது நாற்பது வருடத்து டிராக்டர். பழைய இஞ்சின் எதையும் குடித்துவிட்டு ஓடும், தாராளமாக ஊற்றுங்கள் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். புழுதி உழவு நெருங்கிவிட்டது. ஊற்றலாமா?
— வாசகர் ஒருவர், தொண்டி

பதில்: அப்படியே ஊற்ற வேண்டாம். 1,000 பாருக்கு மேல் அழுத்தத்தில் இயங்கும் இன்றைய காமன் ரெயில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து டீசல் போகும்) இஞ்சினோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 200 பாரில் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்கும் பழைய இஞ்சின் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பொறுமை ஓடும்வரைதான். டீசல் பம்புக்குள் சில மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் ஏறி இறங்கும் எலிமென்ட் என்ற தண்டுக்கு டீசலே மசகு என்பதால், அங்கே தண்ணீர் புகுந்தால் உரசல் விழுகிறது. வண்டியை நிறுத்திய பிறகு துரு பிடிக்கிறது. உங்கள் கடற்கரையில் இது இன்னும் மோசம். நிமிர்த்தி வைத்த பேரலின் மூடியைச் சுற்றி, உப்புக்காற்று படிந்த தகரத்தின் மேல் மழைநீர் தேங்குகிறது. இரவில் பேரல் குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும்போது, அந்த உப்புநீர் மூடியின் மரை வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது.

பேரலை ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்து, மேல்டீசலை மட்டும் குழாய்வழி எடுங்கள். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு இருப்பதைத் தொட வேண்டாம். எடுத்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள்: தெளிவாக இருந்து, அடியில் கோடும் தெரியாவிட்டால் பயன்படுத்தலாம், மோர்போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் இன்னும் கலந்தே நிற்கிறது, அதை உழவுக்கு நம்ப முடியாது. மண்ணெண்ணெய் கலந்தால் சரியாகிவிடும் என்பார்கள்; தண்ணீர் எங்கும் போகாது, மசகுதான் குறையும்.

ஏற்கெனவே ஊற்றி, இஞ்சின் விட்டுவிட்டு அடித்து வெள்ளைப்புகை தள்ளினால், செல்ஃபை மீண்டும் மீண்டும் அடிக்காதீர்கள். டேங்கையும் ஃபில்டர் கிண்ணங்களையும் வடித்துக் கழுவி, இரண்டு ஃபில்டரையும் மாற்றி, டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகு நல்ல டீசலில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் தட்டல் கேட்டால் பம்பும் நாசிலும் கேலிபரேஷனுக்கு (பட்டறையில் சோதித்து அளவு சரிசெய்வதற்கு) போயாக வேண்டும். உழவு முடியட்டும் என்று தள்ளிப்போட்டால், நாசில் மட்டும் மாற்றிச் சரியாகக்கூடிய வேலை பம்புச் செலவாக வளரும்.

இனி பேரலைக் கூரைக்கடியில், இரண்டு மூடிகளும் டீசல் மட்டத்துக்குள் இருக்கும்படி படுக்க வைத்துக்கொள்ளுங்கள்.