ரயிலும் பஸ்ஸும் போகிற வழி ஒரு நகரத்தில் ஏழை பணக்காரரைப் பிரித்து வைக்குமா?

சென்னையை வைத்துச் சொல்கிறேன்: நன்றாகவே பிரிக்கும். மெட்ரோ டிக்கெட் விலையைத்தான் எல்லாரும் பேசுவார்கள், நான் பார்க்கிறது யாரை எங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள் என்பதை.

சென்ட்ரல் பக்கத்தில், கூவம் ஓரமாக சத்தியவாணி முத்து நகர் என்ற ஏழைகளின் குடியிருப்பு இருந்தது. சென்ட்ரலும் பார்க் ஸ்டேஷனும் நடக்கிற தூரம், சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயிலும் பக்கம்தான், 2018-ல் சென்ட்ரலுக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. 2019 கடைசியில் அங்கிருந்த குடும்பங்களை சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கிற பெரும்பாக்கத்துக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். 20 கிலோமீட்டருக்கு மேல். ரயில் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் வேளச்சேரிக்கு ஒரு பஸ் ஏற வேண்டும். கிடைத்தது கான்கிரீட் வீடு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மீன் விற்கிறவருக்கும் வீட்டுவேலைக்குப் போகிறவருக்கும் பிழைப்பே விடியற்காலையில்தான், அந்த நேரத்துக்கு சிட்டிக்குள் போய்ச் சேர முடியாவிட்டால் வாடிக்கை போச்சு.

எங்கள் அபார்ட்மெண்டில் வேலை செய்கிற அக்கா பெரும்பாக்கத்திலிருந்துதான் வருகிறார். 2021-ல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தது அவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் டீலக்ஸ் பஸ் காலியாகவே வந்து நின்றாலும் ஏற மாட்டார், "போக வர காசு குடுத்தா அப்புறம் வேலைக்குப் போயி என்ன பிரயோஜனம்?" என்பார். அவர் இலவச பஸ்ஸுக்காக நிற்கிற நேரத்தில் ஐடி கம்பெனி வண்டிகள் வரிசையாக அவரைத் தாண்டிப் போகும். ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) டிராபிக்கில் இரண்டு தரப்பும் சேர்ந்துதான் மாட்டுகிறார்கள், ஆனால் ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததே கிடையாது.

வடசென்னையை விட்டுவிட்டார்கள் என்று ரொம்ப நாள் சொன்னோம், 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ போய்விட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் பெரும்பாக்கம் வழியாகத்தான் வரப்போகிறது. சந்தோஷம்தான், ஆனால் மகளிர் இலவசப் பயணம் மெட்ரோவில் கிடையாதே! ஸ்டேஷன் வந்தால் சுற்றுவட்டாரத்தில் வாடகை ஏறும், அது யார் தலையில் விழும் என்று தெரியாதா என்ன? என்னைக் கேட்டால், மெட்ரோ வருகிற வரைக்கும் விடியற்காலை 4 மணியிலிருந்தே பெரும்பாக்கத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு நேராக இலவச பஸ்களை அடிக்கடி விடலாம். அதற்குத் தூண் எழுப்ப வேண்டியதில்லை, பஸ்ஸும் டிரைவரும் போதும்.