மூட்டு வீக்கத்தை உடல் எப்படி அடக்குகிறது? முடக்குவாதத்தில் மட்டும் ஏன் முடியவில்லை?

தோவாளையில் பூக்கட்டி வீங்கிய விரல் சில நாளில் வற்றிவிடும். முடக்குவாத வீக்கம் அப்படி வற்றாது.

வீக்கத்தைக் கிளப்புபவை சைட்டோகைன் என்ற புரதங்கள். அவற்றில் ஒன்றான இன்டர்லூகின்-1, செல்லின் மேலுள்ள ஏற்பியில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். அதே ஏற்பியில் முந்திப் போய் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் இடத்தை அடைக்கவே உடல் இன்னொரு புரதத்தைச் சுரக்கிறது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே சீட்டில் துண்டு போடுகிறோமே, அதேதான்! சிக்கல் என்னவென்றால், ஒன்றிரண்டு சீட் கிடைத்தாலே இன்டர்லூகின்-1 ஆட்டத்தைத் தொடங்கிவிடும். அதனால் துண்டுகள் பல மடங்கு வேண்டும். முடக்குவாத மூட்டில் அவ்வளவு சுரப்பதில்லை. அமெரிக்காவில் 2001-இல் அனுமதி பெற்ற அனாகின்ரா ஊசி இந்தத் தடுப்புப் புரதத்தின் நகல் (எல்லாருக்கும் முதலில் தரும் மருந்தல்ல).

எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் முடக்குவாதம் போகும் என்று லேகியம் வாங்குகிறார்கள். இந்நோயில் எதிர்ப்பு சக்தி குறையவில்லை, திசைமாறி நம் மூட்டையே தாக்குகிறது.