குடும்பக் கம்பெனியாகவே இருந்துகொண்டு கட்டுமானத் தொழிலில் பெரிதாக வளர முடியுமா?

முடியும். 150 வருடத்துக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்து வளர்ந்த மும்பையின் ஷாபூர்ஜி பல்லோஞ்சி இருக்கிறதே. ஆனால் இதில் உண்மையான கேள்வி, வளர்வதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதுதான். சைட்டில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வேலை கிடைக்காமல் படுத்த கான்ட்ராக்டரைவிட வேலை அளவுக்கு மீறிக் கிடைத்துப் படுத்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

டெண்டர் போடும்போதே முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், வேலை கிடைத்ததும் பேங்க் கேரண்டி, அதாவது நமக்காகப் பேங்க் கொடுக்கும் உத்தரவாதம், கேட்பார்கள், கூலி வாராவாரம் போயாக வேண்டும், கம்பிக் கடைக்காரர் ஓரளவுக்கு மேல் பொறுக்க மாட்டார், நம் பில் மட்டும் பாஸாகிக் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். வந்தாலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டி முடித்ததில் பழுது வந்தால் நாமே சரிசெய்து தர வேண்டிய காலம் முடிந்த பிறகுதான் விடுவிப்பார்கள். வேலை இரண்டு மடங்கானால் இப்படி நடுவில் மாட்டிக்கொள்ளும் பணமும் இரண்டு மடங்கு. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி புதுப் பங்கு விற்றுச் சமாளிக்கும். குடும்பம் அதைச் செய்தால் பிடி தளர்ந்துவிடும். அதனால் லாபத்தையே திரும்பத் திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் கடன்.

ஷாபூர்ஜி பல்லோஞ்சி லாபத்தைத் திரும்பப் போடும் வழியில்தான் ரொம்ப காலம் போனது. 1865இல் ஆரம்பம், முதல் வேலை கிர்காம் சௌபாத்தி பக்கம் ஒரு நடைபாதை. பிறகு மலபார் ஹில் நீர்த்தேக்கம். 1930இல் திறந்த மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனை 21 மாதத்தில் முடித்தார்கள், இன்றைய இயந்திரங்களோடும் அது லேசுப்பட்ட வேகம் இல்லை. பிரபோர்ன் ஸ்டேடியம், ரிசர்வ் வங்கிக் கட்டடம், 1970களில் ஓமன் சுல்தானின் அரண்மனை என்று ஒரு வேலையின் பெயர் அடுத்த வேலையைக் கொண்டுவந்தது. 2000இல் அஃப்கான்ஸ் என்ற கட்டுமானக் கம்பெனியை வாங்கினார்கள். காஷ்மீரில் ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் செனாப் ரயில் பாலத்தைக் கட்டியது அந்தக் கம்பெனிதான்.

இதற்கிடையே குடும்பத்திடம், டாடா குழுமத்தின் தலைமைக் கம்பெனியான டாடா சன்ஸின் 18 சதவீதத்துக்கும் சற்று அதிகமான பங்கு சேர்ந்திருந்தது. காகிதத்தில் பார்த்தால் மலை மாதிரிச் சொத்து. ஆனால் டாடா சன்ஸ் சந்தையில் இல்லாத கம்பெனி, பங்கை நினைத்த ஆளுக்கு விற்க முடியாது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சைரஸ் மிஸ்திரி 2016இல் டாடா சன்ஸ் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டதை எல்லோரும் குடும்பச் சண்டையாகவே பேசுகிறார்கள். கட்டுமானக்காரன் கண்ணுக்கு 2020தான் முக்கியம். கோவிட்டில் சைட்டெல்லாம் நின்று, கடன் கழுத்தை நெரித்தபோது அந்தப் பங்கை அடகு வைத்துப் பணம் திரட்டப் பார்த்தார்கள், டாடா தரப்பு உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. அத்தனை பெரிய சொத்து இருந்தும், கடனைத் திருப்பிக் கட்டும் நிபந்தனைகளை மாற்றித் தரச் சொல்லி பேங்குகளிடம் கடன் சீரமைப்புக்குப் போக வேண்டியதாயிற்று. வீடு வீடாகப் போய் அக்வாகார்டு தண்ணீர் சுத்திகரிப்பான் விற்ற யுரேகா ஃபோர்ப்ஸ், சோலார் கம்பெனி, பிறகு கோபால்பூர் துறைமுகம் என்று வரிசையாகக் கையை விட்டுப் போயின.

கடைசியில் 2024இல் அஃப்கான்ஸையே சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 5,430 கோடி ரூபாய் வெளியீட்டில் புதுப் பங்கு 1,250 கோடிதான், மீதி 4,180 கோடி குழுமம் தன் கையிலிருந்த பங்கை விற்றது, அதாவது அந்தப் பணம் பாலம் கட்டும் கம்பெனிக்கு வரவே இல்லை. அப்படியும் ஏறத்தாழப் பாதிப் பங்கை விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

உங்கள் குடும்பம் கட்டுமானத் தொழிலில் இருந்தால், லாபத்தை நிலத்தில் போட்டு முடக்குவதற்கு முன், ஆறு மாதம் பில் வராவிட்டாலும் கூலி கொடுக்கப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்க் கான்ட்ராக்டர்கள் பெரும்பாலும் மனையாக வாங்கிப் போட்டுவிட்டு, சனிக்கிழமை கூலி நாள் வந்தால் வட்டிக்குப் பணம் தேடி அலைகிறார்கள்.