க்ரூஸருக்குப் புது டயர்: அகலத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

கேள்வி: என் க்ரூஸர் பைக்கின் பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்துவிட்டது. அளவு 150/80-16 (அகலம் 150 மி.மீ., உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 16 அங்குலம்). அதே ரிம்மில் 180 போட்டால் கம்பீரமாகவும் இருக்கும், பிடிப்பும் கூடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். கம்பீரம் வரலாம், பிடிப்பு வராது. 150 டயருக்கான ரிம் மூன்று, மூன்றரை அங்குல அகலம்தான் இருக்கும். 180 டயருக்கு ஏறக்குறைய ஐந்து அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் அதைத் திணித்தால் பக்கச் சுவர்கள் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி கூம்பிக்கொள்ளும். தரையில் படும் இடம் கூடுவதற்குப் பதில் குறையும். வளைவில் வண்டி சட்டென்று சாயும். போதாக்குறைக்கு, ஓட்டத்தில் டயர் கொஞ்சம் உப்பும். நிறுத்தி வைத்திருக்கும்போது உரசாத டிரைவ் பெல்ட்டிலும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலும் வேகத்தில் உரசும்.

கேள்வி: அதே 150/80-16 அளவில் ஒன்றில் 71எச், இன்னொன்றில் 77எச் என்று இருக்கிறது. விலை வித்தியாசம் இதற்குத்தானா?

பதில்: முக்கியமாகப் பார்க்க வேண்டியதே இந்த எண்தான். பலர் பள்ளங்களின் டிசைனைப் பார்த்தே டயரை எடுத்துவிடுகிறார்கள். 71 என்றால் அந்த ஒரு டயர் தாங்கும் எடை 345 கிலோ. 77 என்றால் 412 கிலோ. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை என்ற வேகக் குறி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி 320 கிலோ, இருவர் 150 கிலோ, பைகள் 30 கிலோ. மொத்தம் 500. இருவர் போகும்போது இதில் ஏறக்குறைய 65 சதவீதம் பின் சக்கரத்தில் இறங்கும் என்று வைத்தால் 325 கிலோ. 345-க்கு இருபது கிலோதான் மிச்சம். அந்த 345-ம் டயரில் குறித்திருக்கும் முழு அழுத்தத்தில் காற்று இருந்தால்தான். காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும், பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். தனியாக ஓட்டுபவருக்கு 71 போதும். ஜோடியாக, மூட்டை முடிச்சுடன் போகிறவர் 77 வாங்குங்கள். எப்படியானாலும் வண்டியின் கையேடு சொல்லும் எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது.

கேள்வி: முன் டயரில் பள்ளம் நிறைய இருக்கிறது. பின்னால் மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: பள்ளத்தின் ஆழத்தை மட்டும் நம்பாதீர்கள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, உள்ளங்கையை டயர் மேல் இரு திசையிலும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழுக்கிப் போய், எதிர்த்திசையில் ரம்பம்போல் தட்டினால், பள்ளங்களுக்கு இடையிலுள்ள ரப்பர் கட்டைகள் ஒருசாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. காற்றைக் குறைவாக வைத்து ஓட்டியதோ, முன் ஃபோர்க் தளர்ந்ததோ காரணமாக இருக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே ஆகும்.

வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் ‘DOT’ (டிஓடி) என்று தொடங்கும் குறியீட்டு வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றால், 2019-ன் 23-வது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டிய டயரை ஆண்டுதோறும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பத்து தாண்டினால் கழற்றிவிட வேண்டும். முன்னால் ரேடியல் (உள் இழைகள் நேர்குறுக்காக ஓடுவது), பின்னால் பயாஸ் (இழைகள் சாய்வாக ஓடுவது) என்று கலப்பது கூடாது. பின்னால் மட்டும் ரேடியல் போடுவதற்கு டயர் தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் மாடலுக்கு அனுமதி இருக்க வேண்டும்.

கேள்வி: மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பக்கத்தில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் பொதுவான சில டயர்களில் இரண்டு அம்புகள் எதிரெதிராக இருக்கும். எது எதற்கென்று படித்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். ட்யூப்லெஸ் என்றால் வால்வு புதிது. ஸ்போக் ரிம் என்றால் ட்யூபும் ரிம் டேப்பும் புதிது. காற்றுக்கு ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரைப் பாருங்கள். டயரில் அச்சடித்திருப்பது உச்ச வரம்பு, உங்களுக்கான அளவு அல்ல. வண்டியை எடுக்கும் முன் பெல்ட் இழுவையையும் ஆக்ஸில் நட்டின் டார்க்கையும் (முறுக்கிய இறுக்கம்) கேட்டு உறுதிசெய்யுங்கள். புது ரப்பர் வழவழப்பாக இருக்கும்; முதல் 150 கி.மீ. வரை ஆழமாகச் சாய்க்காமல், திடீர் பிரேக் போடாமல் ஓட்டுங்கள்.