மிரர் ரெப்போ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முப்பது கிட் ரெப்போக்களை (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியங்களை) எங்கள் சர்வரில் தானாக நகலெடுத்து வைக்க வேண்டும். க்ளோன் (முழு நகல்) எடுத்து அவ்வப்போது புல் செய்தால் (புதிய மாற்றங்களை இழுத்தால்) போதாதா?

போதாது. சாதாரண க்ளோனில் லோக்கலாக ஒரு பிராஞ்ச்தான் (கோடின் ஒரு கிளைதான்) இருக்கும். மற்றவை 'ஆரிஜின்' என்ற அடைமொழியோடு ஒதுங்கிக் கிடக்கும். 'கிட் க்ளோன் --மிரர்' என்று எடுங்கள். ஃபைல்களை விரித்து வைக்காத வெற்று ரெப்போ வரும். பிராஞ்ச், டேக் (ஒரு பதிப்புக்கு வைத்த பெயர்) எல்லாம் மூலத்தில் உள்ள அதே பெயரில் இருக்கும். அதன் பிறகு அந்த ஃபோல்டருக்குள் போய் 'கிட் ரிமோட் அப்டேட் --ப்ரூன்' ஓட்டினால் போதும். ப்ரூனை விட்டுவிட்டால், மூலத்தில் என்றோ அழித்த பிராஞ்ச் இங்கே இருந்துகொண்டே இருக்கும். எல்எஃப்எஸ் ஃபைல்கள் (கிட் தனியே சேமிக்கும் பெரிய ஃபைல்கள்) இதில் வராது. அவற்றுக்கு 'கிட் எல்எஃப்எஸ் ஃபெட்ச் --ஆல்' தனியாக வேண்டும்.

கேள்வி: கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட், கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதியில்) போட்டால் படுத்துவிடுகிறது. ஏன்?

முதலில் எஸ்எஸ்ஹெச் சாவியை (மூல சர்வரோடு பாதுகாப்பாக இணைய உதவும் சாவி ஃபைலை) பாருங்கள். டெர்மினலில் பாஸ்பிரேஸ் (சாவியின் கடவுச்சொல்) கொடுத்துத் திறந்த சாவியை ஏஜென்ட் என்ற துணை நிரல் நினைவில் வைத்திருக்கும். கிரானுக்கு அந்த ஏஜென்ட் கண்ணில் படாது. மிரருக்கென்று தனி யூசர், பாஸ்பிரேஸ் இல்லாத தனிச் சாவி, மூலத்தில் படிக்கும் உரிமை மட்டும்: இதுதான் சரி. கிட்ஹப்பில் ஒரு டிப்ளாய் கீயை (ரெப்போவோடு நேரடியாகச் சேர்க்கும் சாவியை) ஒரு ரெப்போவுக்கு மேல் சேர்க்க விடாது. முப்பது ரெப்போ என்றால், படிக்க மட்டும் முடிந்த தனி அக்கவுன்ட் ஒன்றில் சாவியைச் சேர்ப்பது சுலபம். அந்த யூசராகவே ஒருமுறை கையால் இணைந்து, ஹோஸ்ட் கீயை (அந்த சர்வரின் அடையாளச் சாவியை) சரிபார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள யூசராக) ஓட்டாதீர்கள். ரூட் பெயரில் எழுதப்பட்ட ஆப்ஜெக்ட் ஃபோல்டர்களில் அந்த யூசரால் எழுத முடியாமல், மறுநாள் பெர்மிஷன் எரர் வரும். கிரானில் நேரத்தை 7, 37 என்று ஏதாவது நிமிடத்தில் வையுங்கள். பூஜ்யத்தில்தான் எல்லோரும் வைக்கிறார்கள். கட்டளைக்கு முன்னே 'எஃப்லாக் -என்' என்ற பூட்டைச் சேர்த்தால், பழைய ஓட்டம் முடியாதபோது புதியது தொடங்காமல் விலகிக்கொள்ளும்.

கேள்வி: மிரரிலிருந்து க்ளோன் எடுத்தால் ஃபைல் ஒன்றுமே வரவில்லை. ரெப்போ கெட்டுவிட்டதா?

இல்லை. மூலத்தில் 'மாஸ்டர்' பிராஞ்சை 'மெயின்' என்று மாற்றியிருப்பார்கள். ப்ரூன் மாஸ்டரை நீக்கிவிட்டது. மிரரின் ஹெட் (இயல்பான பிராஞ்ச் எது என்று காட்டும் குறி) மட்டும் இன்னும் அதையே காட்டுகிறது. பழைய கிட் பதிப்புகளில் (2.48-க்கு முன்) அப்டேட் ஹெட்டைத் தொடாது. மிரருக்குள் 'கிட் சிம்பாலிக்-ரெஃப் ஹெட் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்' கொடுங்கள், ஒரே வரியில் சரியாகும்.

கேள்வி: மிரர் இருக்கும்போது பேக்கப் எதற்கு?

மூலத்தில் யாரோ தவறாக ஃபோர்ஸ் புஷ் செய்தால் (பழைய வரலாற்றின் மேல் வலிந்து எழுதினால்), அடுத்த ஓட்டத்தில் மிரரும் அதையே வாங்கிக்கொள்ளும். வெற்று ரெப்போவில் ரெஃப்லாக் (பிராஞ்ச் முன்பு எங்கே இருந்தது என்ற குறிப்பு) இயல்பாக இருக்காது; தொலைந்த கமிட்டை (பதிவு செய்த மாற்றத்தை) 'கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்' வைத்துத் துழாவ வேண்டும். அதுவும் ஜிசி (கிட்டின் குப்பை நீக்கும் வேலை) துடைப்பதற்குள். இயல்பான அவகாசம் 2 வாரம். ஆகவே தினமும் 'கிட் பண்டில் கிரியேட்' கட்டளையை '--ஆல்' சேர்த்து ஓட்டி, தேதியிட்ட ஒற்றை ஃபைலாக வேறு டிஸ்க்கில் வையுங்கள். மாதம் ஒருமுறை அந்த ஃபைலிலிருந்தே க்ளோன் எடுத்துப் பாருங்கள்.