பங்குச்சந்தை கேள்வி–பதில்: ஆல்கோவா, கையா?

கேள்வி: டவுன் ரதவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். 2 லட்ச ரூபாயில் இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) செய்கிறேன். காலை முதல் 15 நிமிட உச்சத்தைப் பங்கு தாண்டினால் வாங்குவேன். கடையில் ஆள் கூடிவிட்டால் விற்க வேண்டிய நேரம் தப்பிவிடுகிறது. கணினியே விதிப்படி வாங்கி விற்கும் ஆல்கோவுக்கு மாறிவிடலாமா?
— வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: முழுசாக மாற வேண்டாம், அண்ணாச்சி. கோளாறு விற்பதில்தானே இருக்கிறது? வாங்குவது உங்கள் கையிலேயே இருக்கட்டும். விற்பதை மட்டும் ஆர்டரிடம் விடுங்கள்.

‘உச்சத்தைத் தாண்டினால்’ என்கிறீர்கள். தொட்டாலே வாங்குவீர்களா, 5 நிமிட கேண்டில் (சார்ட்டில் அந்த 5 நிமிட விலையைக் காட்டும் கட்டை) அதற்கு மேல் முடிந்தால்தானா? திறக்கும்போதே 2 சதவீதம் எகிறிய பங்கையும் வாங்குவீர்களா? ரிசர்வ் வங்கி வட்டி முடிவு 10 மணிக்கு வரும் நாளில், 9.55க்குத் தாண்டினால்? இதற்கெல்லாம் இப்போது உங்கள் கண் பதில் சொல்கிறது. விதியைத் தாளில் எழுதி, பழைய சார்ட் இருபதைக் கடைப்பையனிடம் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் குறித்த கேண்டிலையே அவனும் குறித்தால், அதன்பிறகு ஆல்கோவைப் பற்றி யோசிக்கலாம்.

இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள். பங்கு 500 ரூபாய், ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்த விற்றுவிடும் விலை) 496 என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு நஷ்டம் சுமார் 1,000 ரூபாயோடு நிற்க வேண்டும் என்றால் 250 பங்குதான். வாங்கிய கையோடு எஸ்எல் (ஸ்டாப் லாஸ்) விற்பனை ஆர்டர் போடுங்கள்: டிரிகர் (ஆர்டர் கிளம்பும் விலை) 496, விலை (இதற்குக் கீழே விற்காது) 495.50. இரண்டையும் 496 என்றே போட்டால், பங்கு சரசரவென்று இறங்கும்போது ஆர்டர் நிறைவேறாமல் மேலேயே நின்றுபோகும். லாபத்துக்கும் தனியாக ஒரு விற்பனை ஆர்டர் போடுகிறவர்கள், ஒன்று முடிந்ததும் மற்றதை ரத்து செய்ய மறந்துவிடுகிறார்கள். பிறகு கையில் இல்லாத பங்கை விற்று ஷார்ட்டில் நிற்பார்கள். ஒன்று முடிந்தால் மற்றது தானாக ரத்தாகும் வசதி புரோக்கரிடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

எஸ்எல் ஆர்டர் சந்தையின் கணினியில் காத்துக் கிடக்கும். வீட்டுக் கணினியில் ஓடும் ஆல்கோ, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தாலே நின்றுவிடும். 2023 டிசம்பர் 18 திங்கட்கிழமை, தாமிரபரணி வெள்ளத்தில் நம் பக்கம் கரண்ட்டும் சிக்னலும் போய்க் கிடந்தன. மும்பையில் சந்தை வழக்கம்போல 9.15க்குத் திறந்தது.

செலவையும் பாருங்கள். இதே 250 பங்கை வாங்கி அதே விலைக்கு விற்றாலும், ஆர்டருக்கு 20 ரூபாய் வீதம் புரோக்கரேஜ் 40, எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 31, அதோடு முத்திரை, சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி என்று சுமார் 90 ரூபாய் போய்விடும். பங்குக்கு 36 காசு. ஆல்கோ நாளுக்கு 6 முறை வாங்கி விற்றால் 540 ரூபாய். மனுஷன் இரண்டு நஷ்டத்தோடு அலுத்து எழுந்துவிடுவான். கணினிக்கு ஏது அலுப்பு? ‘நாளுக்கு இரண்டு முறை, அதற்குமேல் கிடையாது’ என்று அதற்கும் எழுதித்தான் கொடுக்க வேண்டும். பேக்டெஸ்ட்டில் (பழைய விலைகளில் விதியை ஓட்டிப் பார்ப்பதில்) இந்த 36 காசைக் கழிக்காதவர்களுக்குத் தாளில் லாபமும் கணக்கில் நஷ்டமும் வருவது இதனால்தான்.

கேள்வி: டெலிகிராமில் ஒருவர் மாதம் 10 சதவீதம் உறுதி என்று ஆல்கோ விற்கிறார். என் டிரேடிங் கணக்கின் பாஸ்வேர்டு கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கொடுக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட விதிப்படி, ஆல்கோ விற்பவர் பங்குச்சந்தையின் பட்டியலில் இடம் பெற்றிருக்க வேண்டும். ஆர்டரும் உங்கள் புரோக்கர் வழியாக, அடையாள எண்ணோடுதான் போக வேண்டும். ‘உங்கள் பெயர் என்எஸ்இ (தேசியப் பங்குச்சந்தை) பட்டியலில் எங்கே இருக்கிறது?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றே பாஸ்வேர்டை மாற்றி, புரோக்கர் ஆப்பில் எந்தெந்தச் செயலிகளுக்கு அனுமதி தந்திருக்கிறீர்கள் என்று பார்த்து, தெரியாததை எல்லாம் நீக்குங்கள்.